வாட்ஸ்லாவ், வியாசெஸ்லாவ், வென்செஸ்லாஸ்: மூன்றும் ஒரே பெயரா?

பொருநைக்கரை கேட்டது:

எங்கள் அலுவலகத்தில் இப்போது பிராக் நகரத்துக் குழு ஒன்றோடு சேர்ந்து வேலை பார்க்கிறோம். அந்தக் குழுவில் இரண்டு பேருக்கு வாட்ஸ்லாவ் என்று பெயர், அதில் ஒருவர் மின்னஞ்சலுக்குக் கீழே ‘வஷெக்’ என்றுதான் போடுகிறார். இன்னொரு பக்கம் ரஷ்யாவிலிருந்து வந்த வியாசெஸ்லாவ் ஒருவர் இருக்கிறார், அவரை எல்லோரும் ஸ்லாவா என்று கூப்பிடுகிறார்கள். தேடிப் பார்த்தால் இதெல்லாம் ஒரே பெயர் என்கிறார்கள், கிறிஸ்துமஸ் பாட்டில் வருகிற வென்செஸ்லாஸ் அரசரும் இதே பெயர்தானாம்.

பொருள் விஷயத்திலும் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஓர் இடத்தில் ‘புகழ் மாலை சூடியவன்’ என்று இருக்கிறது, இன்னோர் இடத்தில் ‘அதிகப் புகழ்’ என்று இருக்கிறது. எது சரி? செக் நாட்டில் அடுத்தடுத்து வந்த இரண்டு ஜனாதிபதிகளுக்கும் இதே பெயர் இருந்திருக்கிறது, பிராக்கின் பெரிய சதுக்கத்துக்கும் இதே பெயர், அங்கே இந்தப் பெயருக்கு ஏன் இவ்வளவு மவுசு? அப்புறம், இதைச் சரியாக எப்படி உச்சரிப்பது என்று யாராவது சொல்லுங்கள். தினமும் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டியிருக்கிறது, தப்பாகச் சொல்லிக்கொண்டே இருக்க எனக்குப் பிடிக்கவில்லை.

மொழிப்பித்தன் எழுதியது:

ஒரே பெயர்தான், சந்தேகமே வேண்டாம். ‘அதிகப் புகழ்’ என்பதுதான் சரியான பொருள். மாலை என்பது பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது, அது எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஸ்லாவ் மக்களின் பழைய பெயர்கள், குறிப்பாக அரச குடும்பத்துப் பெயர்கள், பெரும்பாலும் இரண்டு சொற்களைச் சேர்த்துக் கட்டியவை. பின்பாதியில் ஸ்லாவ் வந்தால் புகழ், மிர் வந்தால் அமைதி அல்லது உலகம். பிள்ளை எப்படி வரவேண்டும் என்று பெற்றோர் நினைத்தார்களோ அதை முன்பாதியில் வைத்தார்கள். இந்தப் பெயரின் முன்பாதியில் இருப்பது ‘அதிகம், மேலும்’ என்று பொருள் தரும் பழைய சொல். இன்றைய செக் மொழியில் அது ‘வீட்ஸெ’ என்று இன்னும் புழக்கத்தில் இருக்கிறது, கடையில் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்கும்போதுகூட அந்தச் சொல்லைக் கேட்கலாம்.

அந்தப் பழைய சொல்லில் முதலில் ஒரு மூக்கொலி உயிர் இருந்தது. ‘வெ’ என்று சொல்லும்போதே மூக்கு வழியாகவும் காற்று போகும், கேட்கிறவர்களுக்கு ‘வென்’ என்று விழும். பத்தாம் நூற்றாண்டு வாக்கில் லத்தீனிலும் ஜெர்மனிலும் இந்தப் பெயரை எழுதியவர்கள் காதில் விழுந்தபடி ‘ன்’ போட்டு எழுதினார்கள். அதனால்தான் லத்தீனில் வென்செஸ்லாவுஸ், ஜெர்மனில் வென்ட்ஸல், ஹங்கேரிய மொழியில் வென்ட்ஸெல். செக் மொழியிலோ அந்த மூக்கொலி சீக்கிரமே மறைந்துபோனது, பெயரும் தேய்ந்து தேய்ந்து வாட்ஸ்லாவ் ஆனது. ரஷ்ய, உக்ரைனியப் பக்கத்தில் அதே மூக்கொலி ‘யா’ ஆனது, அடுத்த எழுத்து ‘ச்ச’ ஒலியாக மாறியது, அப்படிக் கிடைத்ததுதான் வியாசெஸ்லாவ். ஆக, அயலார் எழுதி வைத்த வடிவத்தில்தான் ஆயிரம் வருடத்துக்கு முந்தைய மூக்கொலி இன்னும் தங்கியிருக்கிறது, சொந்த மொழியில் அது இல்லை! எனக்கு இந்தப் பெயரில் மிகவும் பிடித்த விஷயமே இதுதான்.

இனி மாலை. குரோஷிய மொழியில் லத்தீன் வடிவத்தைப் பார்த்து வியென்செஸ்லாவ் என்று ஒரு பெயர் உண்டாயிற்று. அங்கே மாலைக்கு, மலர்வளையத்துக்கு ‘வியெனட்ஸ்’ என்று சொல்வார்கள். ஒலி ஒத்துப் போனதால் ‘புகழ் மாலை’ என்று பொருள் சொல்லிக்கொண்டார்கள். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் மாலையைக் குறிக்கும் சொல்லின் வேரில் இருக்கும் உயிரெழுத்து வேறு, அங்கே மூக்கொலி கிடையாது. இரண்டுக்கும் உறவு இல்லை.

உச்சரிப்பு: முதல் எழுத்து நெடில், ‘வா’. அழுத்தமும் அதன் மேல்தான், செக் மொழியில் எப்போதும் சொல்லின் முதல் அசைதான் அழுத்தம் பெறும். நடுவில் க் இல்லை, ‘ட்ஸ்’. கடைசியில் எழுதுவது வ் என்றாலும் வாயில் வருவது ஃப். வாட்ஸ்லஃப் என்று சொன்னால் அவர் திரும்பிப் பார்ப்பார்.

ஆல்ட்டோ எழுதியது:

கிறிஸ்துமஸ் பாட்டைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், எங்கள் தேவாலயப் பாடகர் குழுவில் வருடாவருடம் ஆங்கிலத்தில் பாடுகிற பாட்டு. பனி கொட்டும் இரவில் விறகு பொறுக்கும் ஓர் ஏழைக்கு உணவும் விறகும் எடுத்துப் போகும் அரசர், குளிரில் நடக்க முடியாமல் தடுமாறும் அவருடைய சிறுவன், அவர் காலடித் தடத்திலேயே கால் வைத்து நட என்று அவனுக்கு அவர் சொல்வது... இதுதான் கதை. இந்த வரிகள் 1853இல் இங்கிலாந்தில் எழுதப்பட்டவை, மெட்டு அதைவிடப் பல நூற்றாண்டு பழையது, அது உண்மையில் வசந்த காலப் பாட்டு ஒன்றின் மெட்டு. பாட்டில் கிறிஸ்து பிறப்பு வரவே வராது, கிறிஸ்துமஸுக்கு மறுநாளான புனித ஸ்தேவான் திருநாள்தான் வரும்.

அவர் அரசரும் இல்லை. போஹீமியாவின் கோமகன், அதாவது சிற்றரசர். வென்செஸ்லாஸ் என்ற பெயரில் முடிசூடிய அரசர்கள் பதின்மூன்றாம் நூற்றாண்டில்தான் வருகிறார்கள். ஆனால் இரவில் வெறுங்காலோடு போய் ஏழைகளுக்கும் விதவைகளுக்கும் உதவினார் என்ற கதை மட்டும் பாட்டுக்காரர் கட்டியது அல்ல, அவரைப் பற்றி எழுதப்பட்ட மிகப் பழைய புனிதர் வரலாறுகளிலேயே அது இருக்கிறது. அவர் எப்படி இறந்தார் என்பது பாட்டில் இல்லை. அந்தக் கதை தெரிந்த பிறகு எனக்கு இந்தப் பாட்டைப் பாடும்போது தொண்டை அடைக்கிறது. பிராக்கில் இருப்பவர் யாராவது அதை எழுதினால் நன்றாக இருக்கும்.

விட்டவாக்கரை எழுதியது:

நான் பிராக்கில்தான் இருக்கிறேன், எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

பத்தாம் நூற்றாண்டின் தொடக்கம். செக் நாடு என்று இன்று சொல்லும் பகுதியில் பிஷெமிஸ்ல் குடும்பம் ஆள்கிறது, கிறிஸ்தவம் அப்போதுதான் வேர்விடுகிறது. கோமகன் விராட்டிஸ்லாவ், அவர் மனைவி டிராஹோமீரா, பிள்ளைகள் வாட்ஸ்லாவ், பொலெஸ்லாவ். 921இல் தகப்பன் இறந்துபோக, மூத்தவனை வளர்த்துக்கொண்டிருந்த பாட்டி லுட்மிலாவுக்கும் மருமகளுக்கும் அதிகாரப் போட்டி வந்தது. அதே வருடம் செப்டம்பரில் டெட்டீன் கோட்டையில் பாட்டியை முக்காட்டுத் துணியாலேயே கழுத்தை நெரித்துக் கொன்றுவிட்டார்கள், ஏவியது மருமகள் என்பதுதான் பழைய வரலாறுகள் எல்லாம் சொல்வது. லுட்மிலா பின்னால் புனிதர் ஆனார். ‘மக்களுக்குப் பிரியமானவள்’ என்று அந்தப் பெயருக்குப் பொருள், இன்றும் செக் நாட்டிலும் ரஷ்யாவிலும் உக்ரைனிலும் எத்தனையோ பாட்டிகளுக்கும் அத்தைகளுக்கும் அந்தப் பெயர்தான்.

வாட்ஸ்லாவ் வளர்ந்து ஆட்சிக்கு வந்தார். பிராக் கோட்டைக்குள் புனித விட்டுஸுக்கு ஒரு வட்டக் கோயில் கட்டினார், இன்று நிற்கும் பெரிய பேராலயம் அதே இடத்தில்தான் எழுந்தது. கிழக்கு ஃபிராங்கிய அரசர் ஹைன்ரிஷ் படையெடுத்து வந்தபோது பணிந்துபோய் வரி கட்டச் சம்மதித்தார். தம்பிக்கு அண்ணன் மேல் ஏற்கெனவே பகை இருந்தது. 935 செப்டம்பர் 27 அன்று தன் கோட்டையில் திருவிழா என்று அண்ணனை விருந்துக்கு அழைத்தார். (929 என்று சொல்கிற ஆய்வாளர்களும் உண்டு.) மறுநாள் விடியற்காலை, வழிபாட்டுக்கு மணி அடித்ததும் வாட்ஸ்லாவ் கோயிலை நோக்கி நடந்தார், வழியிலேயே தம்பி வாளை உருவினார். அண்ணன் திமிறிக்கொண்டு கோயில் வாசலுக்கு ஓட, கதவைச் சாத்திவிட்டார்கள். தம்பியின் ஆட்கள் அந்த வாசலிலேயே அவரை முடித்துவிட்டார்கள். இது நடந்த ஊர் பிராக்கிலிருந்து வடகிழக்கே ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது, பேர் ஸ்டாரா பொலெஸ்லாவ், ‘பழைய பொலெஸ்லாவ்’. கொன்றவர் பெயரில் ஊர், கொல்லப்பட்டவருக்காக ஊர்வலம். செப்டம்பர் 28 வந்தால் அவருடைய மண்டையோட்டைப் பிராக்கிலிருந்து அங்கே எடுத்துப்போய் வழிபாடு நடத்துகிறார்கள்.

விட்டுஸ் பேராலயத்துக்குள் அவருக்கென்று தனிச் சிற்றாலயம் இருக்கிறது. அதன் கதவில் சிங்க முகம் வைத்த ஒரு வெண்கல வளையம் மாட்டியிருக்கும், சாகும்போது அவர் பிடித்துத் தொங்கிய வளையம் அதுதான் என்பது ஐதீகம். பேராலயத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வண்ணக் கண்ணாடி ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டே அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். நீங்கள் வந்தால் அங்கே நின்று பாருங்கள்.

மொழிப்பித்தன் சொன்ன பொருளை இந்தக் கதையோடு சேர்த்துப் பார்த்தால் மனம் கனத்துப்போகும். ‘பொலெ’ என்பதற்கும் ‘அதிகம், பெரிது’ என்றுதான் பொருள், போல்ஷெவிக் என்ற சொல்லில் இருப்பதும் அதே வேர்தான். ஆக, தகப்பனும் தாயும் இரண்டு பிள்ளைகளுக்கும் ஏறக்குறைய ஒரே ஆசையைப் பெயராக வைத்திருக்கிறார்கள். இன்னொன்றும் உண்டு. பிற்காலத்தில் காஸ்மாஸ் என்ற பிராக் பாதிரியார் எழுதிய வரலாற்றில், அந்த விருந்து நாளில் பொலெஸ்லாவுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்ததாகவும், அதற்கு ஸ்ட்ராஹ்க்வாஸ் என்று பெயர் வைத்ததாகவும் வருகிறது. ஸ்ட்ராஹ் என்றால் பயம், க்வாஸ் என்றால் விருந்து. அந்தப் பிள்ளையைத் தகப்பன் துறவு வாழ்வுக்கு நேர்ந்துவிட்டாராம்.

கறுப்புக்குதிரை எழுதியது:

ரஷ்யப் பக்கத்து ஆட்களை நான் சொல்கிறேன். சதுரங்கம் ஆடுகிறவர்கள் எல்லோருக்கும் ரகோஸின் தடுப்பாட்டம் தெரிந்திருக்கும், சென்னையில் பயிற்சி வகுப்புக்குப் போகும் பொடியன்கள்கூட அதை ஆடுகிறார்கள். அந்த ரகோஸினின் முதல் பெயர் வியாசெஸ்லாவ், அஞ்சல் வழிச் சதுரங்கத்தில் உலக சாம்பியனாகவும் இருந்தவர். ஐஸ் ஹாக்கி பார்ப்பவர்களுக்கு வியாசெஸ்லாவ் ஃபெட்டிசோவ், அவரையும் ஸ்லாவா என்றுதான் கூப்பிடுவார்கள். உக்ரைனில் சோவியத் ஆட்சியை எதிர்த்துப் பல வருடம் சிறையிலும் முகாமிலும் கிடந்த வியாசெஸ்லாவ் சோர்னோவில் இருந்தார், 1991இல் அங்கே நடந்த முதல் ஜனாதிபதித் தேர்தலில் இரண்டாவதாக வந்தவர்.

எல்லோருக்கும் தெரிந்த வியாசெஸ்லாவ் என்றால் மோலடோவ்தான், ஸ்டாலினுடைய வெளியுறவு அமைச்சர். பிறந்தபோது வியாசெஸ்லாவ் ஸ்க்ரியாபின், ‘மோலட்’ என்றால் சுத்தியல், கட்சிக்குள் வந்த பிறகு வைத்துக்கொண்ட பெயர் அது. புட்டியில் பெட்ரோல் ஊற்றித் திரி போட்டு எறிவதற்கு அவர் பெயரை வைத்தவர்கள் ஃபின்லாந்துக்காரர்கள், 1939இல் சோவியத் படை அங்கே புகுந்தபோது. ஆக முதல் பெயரில் ‘அதிகப் புகழ்’ இருந்தும் உலகத்துக்கு நினைவில் நிற்பது அவர் தானே வைத்துக்கொண்ட பெயர்தான்.

எனக்கு ஒரு கேள்வி. பாலே நடனத்தில் பெரிய பெயர் நிஜின்ஸ்கி. ரஷ்யர் என்கிறார்கள், ஆனால் அவர் பெயரை வாட்ஸ்லாவ் என்று எழுதியிருக்கிறது. அவர் ஏன் வியாசெஸ்லாவ் இல்லை? அப்புறம் ஸ்லாவா என்பது எந்தப் பெயருக்குச் சுருக்கம்? செல்லோ வாசித்த ரஸ்ட்ரபோவிச்சையும் ஸ்லாவா என்றுதான் சொல்கிறார்கள்.

மொழிப்பித்தன் எழுதியது:

நிஜின்ஸ்கி கீவ் நகரத்தில் பிறந்தாலும் பெற்றோர் போலந்துக்காரர்கள், ஞானஸ்நானப் பெயர் போலிஷ் வடிவமான வட்ஸ்வாஃப். ரஷ்யர்கள் அதை வாட்ஸ்லாவ் என்று எழுதினார்கள். ரஷ்ய மொழியில் இரண்டும் தனித்தனிப் பெயராகவே நிற்கின்றன, வியாசெஸ்லாவ் உள்ளூர்ப் பெயர், வாட்ஸ்லாவ் மேற்கிலிருந்து வந்த பெயர் என்று கேட்டவுடனே அவர்களுக்குத் தெரியும். போலந்திலேயே சொந்தமாக வியென்ட்ஸெஸ்வாஃப் என்ற வடிவம் ஒன்று இருந்தது, செக் செல்வாக்கில் வந்த வட்ஸ்வாஃப் அதை ஓரம் கட்டிவிட்டது. முக்கோணத்துக்குள் முக்கோணம் என்று போய்க்கொண்டே இருக்குமே, அந்த உருவத்துக்குப் பெயர் கொடுத்த கணித மேதை ஷியர்பின்ஸ்கியும் ஒரு வட்ஸ்வாஃப்தான்.

ரஸ்ட்ரபோவிச்சின் முழுப்பெயர் மிஸ்டிஸ்லாவ், முன்பாதிக்குப் பழிவாங்கல் என்று பொருள். ரஷ்யர்கள் இப்படிப்பட்ட பெயர்களில் பெரும்பாலும் வாலைப் பிடித்து ஸ்லாவா என்று சுருக்குவார்கள். அதனால் ஸ்லாவா என்று ஒருவரைப் பார்த்தால் வியாசெஸ்லாவா, ஸ்வியடோஸ்லாவா, யாரொஸ்லாவா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். செக் மக்கள் அதிகமும் தலையைப் பிடிப்பார்கள்: வாட்ஸ்லாவ் வஷெக் ஆவார், கொஞ்சம் பழைய பாணியில் வென்ட்ஸா ஆவார், யாரொஸ்லாவ் யார்டா, மிரொஸ்லாவ் மிரெக், ஸ்டானிஸ்லாவ் ஸ்டான்டா.

இந்த ‘ஸ்லாவ்’ பற்றி ஒரு வார்த்தை. கேட்டல் என்ற பொருளுடைய மிகப் பழைய இந்தோ ஐரோப்பிய வேரிலிருந்து வந்தது, ஊரார் வாயில் நம்மைப் பற்றிக் கேட்பதுதான் புகழ். வடமொழியில் ச்ரவஸ் என்றால் புகழ், அதுவும் இந்த வேர்தான். ராமாயணம் படித்தவர்களுக்கு ராவணனின் தகப்பனார் விச்ரவஸ் தெரிந்திருக்கும், பரந்த புகழுடையவர். கிரேக்கத்தில் பெரிக்ளிஸ், சோஃபோக்ளிஸ் என்று முடிகிற பெயர்களில் இருப்பதும் இதேதான். ஸ்லாவ் என்ற இனப்பெயரைப் பற்றிக் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். அதன் பழைய வடிவம் ஸ்லோவெனெ, அதைப் பெரும்பாலோர் ‘ஸ்லோவோ’, அதாவது சொல் என்பதோடுதான் சேர்க்கிறார்கள், நம் பேச்சு புரிகிறவர்கள் என்ற பொருளில். ஸ்லோவோவும் ஸ்லாவாவும் ஒரே வேரில் பிறந்தவை, அவ்வளவு உறவு இருக்கிறது.

பொருநைக்கரை எழுதியது:

இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். ஒன்று, செக் கோமகனின் பெயர் அவ்வளவு தூரம் ரஷ்யா வரைக்கும் எப்படிப் போனது? அல்லது அங்கே தனியாகவே இருந்ததா? இரண்டு, அண்ணனைக் கொன்ற பிறகு பொலெஸ்லாவ் என்ற பெயரை யாரும் பிள்ளைகளுக்கு வைக்கவில்லையா? நம் ஊரில் விபீஷணன் என்று பெயர் வைக்கவே யோசிப்பார்கள், இது கொலை வேறு.

விட்டவாக்கரை எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பதில் நீங்கள் நினைப்பதற்கு நேர் எதிர். பொலெஸ்லாவ் பல பத்தாண்டுகள் ஆண்டார், நாட்டைப் பெரிதாக்கினார், செக் மண்ணில் முதன்முதலாக வெள்ளி நாணயம் அடித்தது அவர் காலத்தில். இப்ராஹிம் இப்ன் யாகூப் என்ற யூத வணிகர் ஸ்பெயினிலிருந்து கிளம்பி இந்தப் பக்கம் வந்தபோது பிராக்கைக் கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய ஊர் என்றும், வியாபாரத்தில் செழித்த ஊர் என்றும் எழுதினார், அது இவர் ஆட்சிக் காலம்தான். தான் கொன்ற அண்ணனின் உடலைப் பிராக்குக்கு எடுத்து வரச் செய்து, அவர் கட்டிய கோயிலிலேயே அடக்கம் செய்ததும் இவரே.

இவருடைய மகள் டோப்ராவா 965இல் போலந்துத் தலைவர் மியெஷ்கோவைக் கட்டிக்கொண்டு போனார், மறு வருடமே மியெஷ்கோ ஞானஸ்நானம் பெற்றார், போலந்தின் வரலாற்றை அங்கிருந்துதான் தொடங்குவார்கள். அவர்களுடைய மூத்த மகனுக்குத் தாய்வழித் தாத்தா பெயர்: பொலெஸ்வாஃப். 1025இல் போலந்தின் முதல் அரசராக முடிசூடியவர் அவர்தான். அதற்குப் பிறகு போலந்து அரச குடும்பத்தில் பொலெஸ்வாஃப் என்று எத்தனையோ பேர். செக் நாட்டிலும் அவருக்குப் பின் ஆண்ட மகனும் பொலெஸ்லாவ், பேரனும் பொலெஸ்லாவ். குடும்பத்தைப் பொறுத்தவரை அது தாத்தா பெயர், அவ்வளவுதான். ஆனால் காலப்போக்கில் செக் மக்களிடையே வாட்ஸ்லாவ்தான் தெருவுக்குத் தெரு கேட்கும் பெயராகி, பொலெஸ்லாவ் அபூர்வமாகிவிட்டது. காரணம் என் பார்வையில் ஒன்றுதான். ஐரோப்பாவில் கிறிஸ்தவம் பரவியபோது பிள்ளைகளுக்கு யோவான், பேதுரு, மிக்கேல் என்று புனிதர் பெயர்களை வைக்கும் வழக்கம் வந்தது, பழைய ஸ்லாவ் பெயர்கள் நிறைய அந்த வெள்ளத்தில் போய்விட்டன. சொந்த இனத்தில் ஒருவர் புனிதரானால் மட்டும் அந்தப் பெயருக்குத் திருச்சபை நாட்காட்டியில் ஒரு நாள் கிடைக்கும், பெயரும் பிழைத்துக்கொள்ளும். வாட்ஸ்லாவ் அப்படித்தான் பிழைத்தது.

ரஷ்யாவுக்குப் போன வழியும் அதுவே. வாட்ஸ்லாவின் கதையை லத்தீனில் மட்டும் எழுதவில்லை, பழைய ஸ்லாவ் மொழியிலும் எழுதினார்கள், அந்த எழுத்து கீவ் வரைக்கும் போனது. அங்கே 1015இல் இதே மாதிரி கொடுமை ஒன்று நடந்தது, போரிஸ், கிளெப் என்ற இரண்டு இளவரசர்கள் அண்ணன் ஏவிய ஆட்களால் கொல்லப்பட்டார்கள். அவர்களைப் பற்றிய பழைய நூலில், சாவை எதிர்நோக்கியிருக்கும் போரிஸ் புனித வியாசெஸ்லாவ் பட்ட பாட்டை நினைத்துக்கொள்வதாக வருகிறது. ஓர் இளவரசன் இன்னோர் இளவரசனின் கதையில் ஆறுதல் தேடுகிறான். அதே நூற்றாண்டில் ஞானி யாரொஸ்லாவ் தன் மகன் ஒருவனுக்கு வியாசெஸ்லாவ் என்று பெயர் வைத்தார். பெயரின் இரண்டு பாதிகளும் எல்லா ஸ்லாவ் மொழிக்கும் பொதுச் சொத்து என்பதால் அங்கே அந்நியமாகவும் படவில்லை. இன்றைக்கும் ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் நாட்காட்டியில் வியாசெஸ்லாவ் என்று இருப்பவர் இந்தச் செக் கோமகனே.

பெயர் வைத்துக்கொண்டவர்களையும் சொல்லிவிடுகிறேன். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தொடங்கி மூன்று வாட்ஸ்லாவ் அரசர்கள் வரிசையாக வருகிறார்கள், நடுவில் மட்டும் இரண்டாம் ஒட்டகர். மூன்றாமவர் 1306இல் ஓலமோட்ஸ் நகரத்தில் கொலையுண்டதோடு பிஷெமிஸ்ல் ஆண் வாரிசே அற்றுப்போனது. அடுத்து வந்த லக்ஸம்பர்க் குடும்பத்தின் பெரிய அரசர் நான்காம் கார்ல், பிராக்கில் பாலமும் பல்கலைக்கழகமும் அவர் பெயரில்தான் இருக்கின்றன. அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் என்ன தெரியுமா? வாட்ஸ்லாவ். சிறுவனாகப் பிரான்ஸ் அரண்மனைக்கு அனுப்பப்பட்டபோது அங்கே கார்ல் ஆக்கிவிட்டார்கள். ஆனால் அவர் மறக்கவில்லை. முதல் மகனுக்கு வாட்ஸ்லாவ் என்று பெயர் வைத்தார், அந்தக் குழந்தை கைக்குழந்தையாகவே இறந்துபோனது, பத்து வருடம் கழித்து 1361இல் பிறந்த மகனுக்கும் அதே பெயரை வைத்தார். தான் செய்வித்த மணிமுடியையும் புனித வாட்ஸ்லாவுக்கே உரியதாக்கினார், அரசர்கள் முடிசூட்டு விழாவுக்கு அதை வாங்கி அணிந்துகொள்ளலாம், சொந்தம் கொண்டாட முடியாது. இன்றும் அது ஏழு பூட்டுப் போட்ட அறையில் இருக்கிறது, ஏழு சாவியும் ஏழு பேரிடம்.

ஹோல்லர் என்று ஓர் ஓவியர், 1607இல் பிராக்கில் பிறந்து லண்டனில் வாழ்ந்தவர், 1666 பெருந்தீக்கு முன்னும் பின்னும் லண்டன் எப்படி இருந்தது என்று இன்று நமக்குத் தெரிவதில் பெரும்பங்கு அவர் செதுக்கிய படங்களுடையது. அவரும் ஒரு வாட்ஸ்லாவ். அப்புறம் ஹாவெல். நாடக ஆசிரியர், சிறைக்குப் போனவர், 1989 டிசம்பரில் ஜனாதிபதி ஆனவர், நம் நாட்டின் காந்தி அமைதிப் பரிசும் பெற்றவர். அவர் குடும்பத்தில் அப்பாவும் வாட்ஸ்லாவ், தாத்தாவும் வாட்ஸ்லாவ். தாத்தா கட்டிய லூட்ஸெர்னா மாளிகை வாட்ஸ்லாவ் சதுக்கத்துக்கு இரண்டு நிமிட நடையில் இருக்கிறது. 2003இல் ஹாவெல் இறங்கியதும் வந்தவர் வாட்ஸ்லாவ் க்ளவ்ஸ், இருவருக்கும் அரசியலில் ஒத்துப்போகவே இல்லை, பெயர் மட்டும் ஒன்று.

சதுக்கம் முதலில் குதிரைச் சந்தை. 1848 புரட்சியின்போதுதான் வாட்ஸ்லாவ் பெயர் வைத்தார்கள். அங்கே குதிரை மேல் அமர்ந்த அவருடைய சிலை, செய்தவர் யோசெஃப் வாட்ஸ்லாவ் மிஸ்ல்பெக், அவர் பெயருக்குள்ளும் இவர் இருக்கிறார். சுற்றி நிற்கும் நான்கு புனிதர்களில் ஒருவர் அந்தப் பாட்டி லுட்மிலா. பிராக்கில் யாரையாவது சந்திக்க வேண்டும் என்றால் ‘குதிரைக்கிட்ட வந்துடு’ என்பார்கள், இடம் சொல்லவே வேண்டாம். 1918இல் விடுதலையைக் கொண்டாடியதும், 1969 ஜனவரியில் யான் பாலாஹ் சோவியத் ஆக்கிரமிப்பை எதிர்த்துத் தன் உடலில் தீ வைத்துக்கொண்டதும், 1989 நவம்பரில் லட்சக்கணக்கான மக்கள் சாவிக்கொத்துகளைக் குலுக்கி ஆட்சியைப் போகச் சொன்னதும் எல்லாம் இந்தச் சதுக்கத்தில்தான். சிலையின் பீடத்தில் பழைய திருப்பாடல் வரி ஒன்றைச் செதுக்கியிருக்கிறார்கள்: புனித வாட்ஸ்லாவே, செக் நாட்டின் கோமகனே, எங்கள் தலைவனே, எங்களையும் இனி வரப்போகிறவர்களையும் அழியவிடாதே. செக்காரர்கள் இதை மதப் பாட்டாக மட்டும் பார்ப்பதில்லை. கோயில் பக்கமே போகாதவர்கள்கூட இந்த வரியை மனப்பாடமாகச் சொல்வார்கள். மவுசு ஏன் என்று கேட்டீர்களே, நாட்டுக்கு ஆபத்து வந்தபோதெல்லாம் அவர்கள் போய் நின்ற இடம் அந்தப் பெயரில் இருக்கிறது.

ஆல்ட்டோ எழுதியது:

பாட்டி லுட்மிலா சிலை பேரன் சிலைக்குப் பக்கத்திலேயே நிற்கிறது என்பது எனக்குத் தெரியாது. மிக்க நன்றி, அடுத்த டிசம்பரில் எங்கள் குழுப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் பாட்டை ஆரம்பிக்கப் போகிறேன்.

மொழிப்பித்தன் எழுதியது:

பொருநைக்கரை, கூப்பிடுவதைப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. மேலே அந்தக் கல்வெட்டு வரியில் ‘வாட்ஸ்லாவே’ என்று வந்ததைப் பார்த்தீர்களா? அது தமிழுக்காகச் சேர்த்த ஏகாரம் இல்லை, செக் மூலத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. நம்மைப் போலவே அவர்களுக்கும் விளி வேற்றுமை உண்டு, இன்றும் பேச்சில் அன்றாடம் பயன்படுகிறது. ரஷ்ய மொழி அதை ஏறக்குறைய கைவிட்டுவிட்டது, செக் விடவில்லை. எதிரில் இருப்பவரைப் பெயர் சொல்லி அழைக்கும்போது வாட்ஸ்லாவ் என்பது வாட்ஸ்லாவே ஆகும், அப்போது கடைசியில் ஃப் கிடையாது, நல்ல வகரமே வரும். வஷெக் என்பவரை அழைத்தால் வஷ்கு. ஆங்கிலத்தில் பேசும்போது இதெல்லாம் கட்டாயம் இல்லை, ஆனால் மின்னஞ்சலின் தொடக்கத்தில் ஒருமுறை அப்படி எழுதிப் பாருங்கள், அவர்களுக்கு ரொம்பச் சந்தோஷமாக இருக்கும். வஷெக் என்று தானே கையெழுத்துப் போடுகிறவரை நீங்களும் தாராளமாக வஷெக் என்றே சொல்லலாம். மற்றவரை அவராகச் சொல்லும் வரை முழுப்பெயரில் அழைப்பதுதான் மரியாதை.

விட்டவாக்கரை எழுதியது:

ஆமாம், அதுதான் முறை. நாட்காட்டியிலும் குறித்துக்கொள்ளுங்கள்: செக் நாட்டில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பெயர்நாள் உண்டு, வாட்ஸ்லாவுக்குச் செப்டம்பர் 28. 2000ஆம் ஆண்டிலிருந்து அது அரசு விடுமுறையும்கூட, செக் அரசு நாள் என்று பெயர். அன்றைக்கு அவர்கள் இரண்டு பேரும் அலுவலகத்தில் இருக்க மாட்டார்கள், வாழ்த்தை முந்தின நாளே அனுப்பிவிடுங்கள்.